எல்லாரும் வந்தாச்சா

என் நாத்தனாரின் வீட்டுக்காரர் கான்கிரீட் கலவை வண்டி ஓட்டுகிறவர். முதுகில் பெரிய டிரம் ஒன்றைச் சுமந்துகொண்டு, அதைச் சுற்றவிட்டபடியே தெருவை அடைத்துக்கொண்டு போகுமே, அந்த வண்டி. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் குடுக்கை மாப்பிள்ளை. அவசரக் குடுக்கை என்பதில் அவசரத்தை அவரிடமே விட்டுவிட்டு, மிச்சத்தை எடுத்து என் மாமியார் பட்டமாகச் சூட்டினார். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். மாமியார் முகத்துக்கு நேராகவே சொல்வார். அவரும் சிரித்துக்கொள்வார்.

பட்டம் கிடைத்தது முதல் நாளிலேயே. கல்யாணப் பேச்சுக்காக வந்தபோது, பத்து மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தவர் பத்து மணிக்கே வந்து நின்றார். மாமியார் ஈரத்தலையோடு கதவைத் திறந்தார். என் கணவர் வாயில் பல்பொடியோடு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். கல்யாணப் பெண் போர்வைக்குள் இருந்தாள். அந்த வீட்டில் பத்து மணி என்றால், பத்து மணிக்குக் குளிக்கப் போகலாமா என்று யோசிப்பார்கள் என்று அர்த்தம். அவருக்கு இதை யார் போய்ச் சொல்வது? நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு முழங்காலை ஆட்டிக்கொண்டே, வாசலையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் மாமியார் கேட்டது இது: "சொன்ன நேரத்துக்கே வந்து நின்னா எப்படி? வீட்டுல இருக்கிறவங்களும் மனுஷங்கதானே?" விருந்தாளி கொஞ்சம் பிந்தி வருவதுதான் மரியாதை என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

நான் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் அப்பா குடிநீர்த் தொட்டியில் வேலை பார்த்தவர். அவர் வால்வைத் திறந்தால்தான் ஊர் குளிக்கும். கொஞ்சம் பிந்தினாலும் நாலு தெரு சேர்ந்து எங்கள் வீட்டைத் திட்டும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்துவிட்டு இங்கே வந்த எனக்கு, அந்த மனிதர் முழங்காலை ஆட்டியது ரொம்ப ஆறுதலாக இருந்தது. அன்றைக்கே மனதுக்குள் அவரை அண்ணாவாக்கிக்கொண்டேன்.

இந்த வீட்டின் நேரத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அண்ணன். மாமனார் இறந்தபோது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லையாம். அன்றிலிருந்து அப்பா உட்கார்ந்த நாற்காலியில் மாமியார் அவரை உட்கார வைத்தார். வீட்டில் எந்தக் காரியமானாலும் பெரியவர் வந்தபிறகுதான் ஆரம்பம். அதில் ஒன்றும் புதுமையில்லை, எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டு விசேஷம் என்னவென்றால், பெரியவர் கடைசியாகத்தான் வர வேண்டும். அவர் முன்னாலேயே வந்து மற்றவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தால் குடும்பத்துக்கே தலைகுனிவு. அதனால் அவர் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தன் வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார். இங்கே ஒவ்வொருவராக வந்து சேர்வோம். கடைசி ஆள் வந்ததும் என் கணவர் போனை எடுப்பார். "அண்ணே, எல்லாரும் வந்தாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் பெரியவர் கிளம்புவார். அவர் வந்து சேர ஒரு மணி நேரம் பிடிக்கும்.

ஆக, எல்லாரும் வந்தபிறகும் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்போம். வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போகப் போகப் பழகிவிட்டது; சொல்லப்போனால் பிடித்துக்கூடப் போய்விட்டது. பழைய சண்டைகள் அந்த நேரத்தில்தான் தீரும், புதுச் சண்டைகளும் அப்போதுதான் பிறக்கும். குழந்தைகள் யார் மடியிலாவது தூங்கிப்போகும். ஒரு தடவை நான் பொறுக்க முடியாமல், நேரம் போகிறதே அத்தை என்றேன். மாமியார் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஆள் வராம நேரம் எங்கடி போயிடும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

மாப்பிள்ளைக்குப் பதில் தெரியும். அவருடைய நேரம் முதுகுக்குப் பின்னால் டிரம்மில் சுற்றிக்கொண்டிருந்தது. கலவை போடுகிற பிளான்ட்டில் சிமெண்டோடு தண்ணீர் சேர்ந்த நொடியிலிருந்து கலவை இறுக ஆரம்பிக்கும். டிரம்மைச் சுற்றவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. வெயில் அதிகமானால் இன்னும் சீக்கிரம். அவருடைய ஆட்களுக்குள் இருக்கிற ஒரே மரியாதை உண்மையான நேரத்தைச் சொல்வது. எங்கே இருக்கிறாய் என்று பிளான்ட்டிலிருந்து கேட்டால் இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். பாலத்தடியில் நின்றுகொண்டு வந்துவிட்டேன் என்று சொன்னவனோடு அங்கே யாரும் சேர்ந்து டீ குடிக்கமாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கட்டடத்தில் இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று சொல்லிச் சொல்லியே அவரை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். சாரத்தில் ஏதோ கோளாறு. அவரும் பெரியவர்கள் சொல்கிறார்களே என்று நின்றார். கலவை டிரம்முக்குள்ளேயே பாறையாகிவிட்டது. மறுநாள் உளியையும் சுத்தியலையும் கையில் கொடுத்து அவரையே உள்ளே இறக்கினார்கள். இருட்டு, புழுக்கம், தூசி. ஒவ்வொரு அடிக்கும் டிரம் முழுவதும் மணி அடித்ததுபோல அதிர்ந்து காது அடைத்துப்போனதாம். இதைச் சொல்லும்போது அவர் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். யாராவது "இதோ" என்றால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அது குணமில்லை, பயம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆனாலும் அவர் எங்கள் வீட்டோடு ஒத்துப்போகப் பாடுபட்டார். இரண்டு பேரும் வந்தேறிகள் என்பதால் என்னிடம் மனம் விட்டுப் பேசுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டு, தான் கண்டுபிடித்த கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கிளம்பிவிட்டோம் என்றால் துண்டு இன்னும் தோளில் இருக்கிறது. பாதி வழியில் இருக்கிறோம் என்றால் பூட்டுச்சாவியைத் தேடுகிறார்கள். ஒரு நிமிஷம் என்றால் நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வரலாம். "இப்பவேன்னு சொன்னா மத்தியானம், தங்கச்சி. மத்தியானம்னு சொன்னா நாளைக்கு" என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனேன். அந்தக் கணக்கை வைத்துத்தான் அவர் எங்கள் வீட்டில் காலம் தள்ளினார். அதே கணக்குதான் ஒரு நாள் அவர் காலை வாரிவிட்டது.

அன்று காலையிலேயே மாமியாருக்கு வயிற்று வலி. முதல் நாளே லேசாக இருந்திருக்கிறது, அவர் யாரிடமும் சொல்லவில்லை. பொழுது விடிந்ததும் வாந்தி. முகம் வெளுத்து, கையைப் பிடித்தால் சில்லிட்டிருந்தது. நானும் என் கணவரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நாத்தனார் நேராக அங்கே வந்துவிட்டாள். மாமியாரைக் கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார்கள். நான் அவர் தலைமாட்டிலேயே நின்றேன்.

வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். நாத்தனார் தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டிருக்கிறாள். பேச்சு வராமல் அழுதிருக்கிறாள். என் கணவர் போனை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையைப் பதறவைக்கக் கூடாது, அதுவும் வண்டி ஓட்டுகிற மனிதரை. எங்கள் வீட்டில் கெட்ட செய்தியைப் போனில் சொல்கிற வழக்கமே கிடையாது. செத்தவரைக்கூட, "கொஞ்சம் சீரியஸா இருக்காங்க, சும்மா வந்து பார்த்துட்டுப் போங்க" என்றுதான் சொல்வார்கள். அதனால் என் கணவர், "ஒண்ணுமில்ல மாப்ள, அம்மாவுக்கு லேசா வயித்து வலி. அண்ணனும் வர்றாரு. நீங்க வேலையை முடிச்சிட்டுப் பொறுமையா வாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

குடுக்கை மாப்பிள்ளை தன் கணக்கைப் போட்டார். இப்பவே வாருங்கள் என்றாலே மத்தியானம் என்று அர்த்தமாகும் வீட்டில், பொறுமையாக வாருங்கள் என்றால் என்ன? சாயங்காலம் போனால் போதும். இனி எத்தனை காலத்துக்குத்தான் அவசரக்காரன் என்று பெயர் வாங்குவது என்றும் நினைத்திருக்கிறார். இன்னொரு லோடு ஏற்றிக்கொண்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அவர் எங்கள் வீட்டு மனிதராக நடந்துகொண்டார். அது அந்த நாளாகப் போயிற்று.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் வந்தார். இளம் வயதுப் பெண். ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு எங்களை ஓரமாக அழைத்தார். குடல் இறங்கிச் சிக்கிக்கொண்டிருக்கிறது, ரத்தம் போகவில்லை, உடனே திறந்து சரிசெய்ய வேண்டும் என்றார். விட்டால் அந்தப் பகுதி அழுகிவிடும், பிறகு உயிருக்கே ஆபத்து. யார் முடிவு சொல்கிறீர்கள் என்று கேட்டார். என் கணவர், "அண்ணன் வந்துடட்டும் டாக்டர்" என்றார். எப்போது வருவார் என்று அவர் கேட்டார். "வந்துட்டே இருக்காரு" என்றார் என் கணவர். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனார். அவர் எங்கள் வீட்டு ஆள் இல்லையே. அந்த வார்த்தையை அப்படியே நம்பினார்.

நானும் நம்பினேன். வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நர்ஸ் வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார். முதலில் சாதாரணமாகக் கேட்டவர், பிறகு முகத்தைப் பார்க்காமல் கேட்டார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். நான் அவர் காதருகே குனிந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நீங்கள் சரி என்று சொன்னால்கூடப் போதும் அத்தை என்றேன். "பெரியவன் வரட்டும்" என்றார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

நான் வெளியே போய் என் கணவரை உலுக்கினேன். பெரியவர் எந்த இடத்தில் வருகிறார் என்று கேட்டேன். அவர் முழித்தார். பிறகு மெல்ல, இன்னும் அண்ணனைக் கிளம்பச் சொல்லவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். மாப்பிள்ளை இன்னும் வரவில்லையே, எல்லாரும் வந்தபிறகுதானே அண்ணனுக்குச் சொல்ல முடியும் என்றார். அவர் குரலில் கள்ளம் இல்லை. அம்மா உள்ளே கிடக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பயம் வந்தபோது அவர் பிடித்துக்கொண்டது அந்த வழக்கத்தைத்தான். வேறு எதைப் பிடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அவரைத் திட்ட நேரமில்லை. மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டேன். பின்னால் டிரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுப் பாணியில் ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. "அண்ணா, அத்தை உயிருக்குப் போராடுறாங்க. நீங்க வரலைன்னு பெரியவரை இன்னும் கிளம்பச் சொல்லலை. பெரியவர் வரலைன்னு ஆபரேஷன் நிக்குது. உங்களுக்காகத்தான் எல்லாரும் நிக்கிறாங்க" என்றேன். "எனக்காகவா?" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவே மாட்டேன்.

அவர் அப்போது ஒரு மாடித்தளம் போடுகிற இடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கலவையை மேலே ஏற்றுகிற பம்ப் பழுது. டிரம் நிறையக் கலவை. வண்டியை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் வேலை போகும். பின்னால் நின்ற வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்து, டிரம்மை நிறுத்திவிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, மேஸ்திரி ஒருவரின் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தார். வழியில் இருந்தபடியே பெரியவருக்குப் போன் செய்தார். பெரியவரிடம் கிளம்புங்கள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. எல்லாரும் வந்தாச்சு என்றுதான் சொல்வார்கள். இவர், "பெரிய மச்சான், உடனே கிளம்புங்க" என்றார்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டாராம் பெரியவர். பிறகு, இவர் பதில் சொல்லும் முன்பே, "காலையிலேர்ந்து சட்டையைப் போட்டுக்கிட்டு உக்கார்ந்திருக்கேன் மாப்ள. யாருமே கூப்பிடலையே" என்றாராம். அம்மாவுக்கு வயிற்று வலி, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்று மட்டும் தம்பி காலையில் சொல்லியிருக்கிறார்; அதன்பிறகு இவரே தம்பிக்கு இரண்டு தடவை போன் செய்திருக்கிறார். ஒன்றுமில்லை அண்ணே, மாப்பிள்ளை வரட்டும், சொல்கிறேன் என்றே பதில் வந்திருக்கிறது. கூப்பிடாமல் போய் நின்றால் அம்மா வருத்தப்படுவாளோ என்று அந்தப் பெரிய மனிதர் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மாப்பிள்ளை காரிடாரில் ஓடி வந்தபோது பூட்ஸிலிருந்து சிமெண்ட் உதிர்ந்தது. துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் சத்தம் போட்டார், அவர் காதில் விழவில்லை. அதே சமயம் டாக்டரும் வந்தார். இந்த முறை அவர் யாரையும் ஓரமாக அழைக்கவில்லை. தியேட்டர் தயாராக இருக்கிறது, இனிமேல் காத்திருக்க முடியாது, நோயாளி சுயநினைவோடு இருக்கிறார், அவர் சம்மதம் சொன்னால் போதும், இல்லையென்றால் யாராவது சொல்லுங்கள் என்றார். பெரியவர் வந்து சேர இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். என் கணவர் சுவரைப் பார்த்தார். நாத்தனார் அவரைப் பார்த்தாள். அம்மாவைத் தாண்டி, பெரியவரைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லி அவர்களுக்குப் பழக்கமில்லை.

மாப்பிள்ளை உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் கட்டிலருகே குனிந்து, "அத்தை" என்றார். மாமியார் கண்ணைத் திறந்தார். அந்த நிலையிலும் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. "பெரியவன் வந்துட்டானா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். நிற்கிற இடத்தைத் தவிர வேறு இடத்தைச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். நெற்றியில் வியர்வை துளித்துளியாக நின்றது. இல்லை, வழியில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன், சொல்லிவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொண்டது.

"வந்துட்டார் அத்தை. வெளியிலதான் நிக்கிறார். உள்ள ரெண்டு பேருக்கு மேல விடமாட்டேங்கிறாங்க" என்றார். "பண்ணிக்கச் சொல்றார்."

"எல்லாரும் வந்தாச்சா?"

"எல்லாரும் வந்தாச்சு."

மாமியார் தலையை அசைத்தார். நர்ஸ் நீட்டிய காகிதத்தில் மாமியாரின் கையெழுத்து எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய் முடிந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியதும் மாப்பிள்ளை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர் வந்தபோது கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடந்ததை என் கணவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். பெரியவர் யாரையும் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை. மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்று, மெதுவாகத்தான் பேசினார். "உள்ள போறதுக்கு முன்னாடி அம்மா கடைசியா கேட்டது ஒரு பொய். அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது என் பேரைச் சொல்லிச் சொன்ன பொய்." அவ்வளவுதான். போய்த் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர். இப்போதும் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது, கண் விழிக்கட்டும் என்றார். மாமியாரைக் கண்ணாடி அறையில் வைத்தார்கள். மூக்கிலும் வாயிலும் குழாய். மறுநாளும் விழிக்கவில்லை, அதற்கடுத்த நாள் காலையிலும் இல்லை.

அந்த இரண்டு நாளும் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. பெஞ்சின் ஒரு கோடியில் பெரியவர், மறுகோடியில் மாப்பிள்ளை. பெரியவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நாத்தனார் யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தாள். என் கணவர் எல்லாருக்கும் டீ வாங்கி வருவார். ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுவார். பிளான்ட்டிலிருந்து மாப்பிள்ளைக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. எடுத்து, ஆஸ்பத்திரியில இருக்கேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். சாவியை வாங்கிக்கொண்டவர் கலவையைக் காப்பாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. வேலை என்ன ஆகும் என்று அவர் கேட்கக்கூட இல்லை. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீங்கள் செய்தது சரிதான் அண்ணா என்றேன். "சரியா தப்பான்னு எனக்குத் தெரியலை தங்கச்சி. கண்ணு முழிக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். முழங்கால் ஆடவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

எனக்குப் பெரியவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவரைப் பார்த்தால் அந்தக் கோபமும் நிற்கவில்லை. அதே சட்டைதான், காலையிலிருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றாரே, அது. கசங்கிப்போயிருந்தது. அம்மா கூப்பிட்டபோது இல்லாமல் போய்விட்டோமே என்று ஒரு பிள்ளை குமைந்துகொண்டிருந்தான், வேறொன்றுமில்லை. வாழ்நாள் முழுவதும் அவரைக் கடைசியாக வரப் பழக்கியது நாங்கள்தானே.

இரண்டாம் நாள் மத்தியானம் வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள். விழித்துவிட்டார், ஆனால் அதிகம் பேச வைக்காதீர்கள், ஒவ்வொருவராக வாருங்கள் என்று நர்ஸ் சொன்னார். எங்கள் வீட்டுக்கு ஒவ்வொருவராக என்றால் என்னவென்று தெரியுமா? எல்லாரும் சேர்ந்து உள்ளே போய் நின்றோம். மாப்பிள்ளை மட்டும் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். பெரியவர் கட்டிலருகே போனார்.

மாமியார் அவர் முகத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். குரல் காற்றாக வந்தது. "நான் உள்ள போறப்போ நீ வெளியில நின்னேல்ல?"

கதவோரம் மாப்பிள்ளை நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தார் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பெரியவர் ஒரு முறை கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு அம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நின்னேம்மா. நான்தான் முதல்ல வந்தேன்."

மாமியாரின் புருவம் நெரிந்தது. அவ்வளவு வலியிலும் அது அவருக்குப் பொறுக்கவில்லை. "நீ முதல்ல வரலாமாடா? எல்லாரும் வந்தப்புறம்தானே நீ வரணும். யாரு உன்னைக் கூப்பிட்டா?"

"மாப்பிள்ளை கூப்பிட்டார்மா" என்றார் பெரியவர். "இவங்கள்ல யாரும் கூப்பிடலை. அவர்தான் கூப்பிட்டார்."

அம்மாவின் கைமேல் நெற்றியை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அழுகிறார் என்பது மட்டும் புரிந்தது. ஊசி குத்தியிருந்த கையால் அவர் தலையைத் தடவ முயன்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கதவோரத்தில் யாரும் இல்லை. வெளியே போய்ப் பார்த்தபோது மாப்பிள்ளை காரிடார் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே உங்களைத்தான் தேடுகிறார்கள், வாருங்கள் அண்ணா என்றேன். கொஞ்சம் இருங்கள் தங்கச்சி, வருகிறேன் என்றார். நானும் அவசரப்படுத்தாமல் அங்கேயே நின்றேன்.